திருச்சி அனிமேஷன் கூட்டம்: 'மரம்'னு சொல்லும்போது உதடு மூடுமா?

காவிரிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

இந்த மாசக் கூட்டத்துக்கு வர முடியாதவங்க என்ன நடந்ததுன்னு கேட்டுக்கிட்டே இருக்கீங்க, அதனால இங்கேயே விவரமா எழுதிடறேன். தில்லை நகர்ல வழக்கமான மாடி அறைதான். ட்யூஷன் பசங்க கிளம்பினதும் பெஞ்சை நகர்த்திட்டு ப்ரொஜெக்டரை மாட்டினோம். மூணு பேர் ஷாட் காட்டுறதா ஏற்பாடு. முதல் ஷாட்டே சாயங்காலம் முழுக்க இழுத்துக்கிச்சு. மத்த ரெண்டு பேரும் அடுத்த மாசம் காட்டறோம்னு அவங்களாவே சொல்லிட்டாங்க.

ஷாட் பொன்மலைத் தம்பியோடது. ஒரு சின்னப் பொண்ணு வாசல்ல நின்னு வீட்டுக்குள்ள பார்த்துக் கத்துது: "அம்மா, மரம் விழுந்துடுச்சு, வந்து பாரு!" குரல் அவரோட அக்கா பொண்ணு. உடம்பு அசைவு ரொம்ப நல்லா வந்திருக்கு. கத்தறதுக்கு முன்னாடி தோள் லேசா பின்னுக்குப் போய் மூச்சு வாங்குது, "வந்து பாரு"ங்கிறப்போ ஒரு கால் ஏற்கெனவே வெளியே திரும்பிடுச்சு. ஆனா வாயை மட்டும் பார்த்தா வேற மொழிப் படத்துக்குத் தமிழ் டப்பிங் கொடுத்த மாதிரி இருக்கு. ஏதோ ஒட்டலைன்னு எல்லாருக்கும் தெரியுது, எதுன்னு சொல்ல வரல.

ஒவ்வொரு பிரேமா நகர்த்திப் பார்த்தோம். "மரம்" முடியற இடத்துல உதடு கச்சிதமா மூடுது. "வந்து", "பாரு" முடியற இடத்துல உதடு குவியுது. எந்த ஒலிக்கு எந்த வாய் வரையணும்னு காட்டற வாய் வடிவச் சார்ட்டுல மகரம்னா மூடு, உகரம்னா குவி. தம்பி அதை அப்படியே போட்டிருக்கார். அப்புறம் படத்தை நிறுத்திட்டு ஒலியை மட்டும் கேட்டோம். அந்தக் குழந்தை "மரம்"னு சொல்லவே இல்ல. "மரோ"ன்னு மூக்கால முடிக்குது. வாய் திறந்தே இருக்கு. "வந்து"ல கடைசி உகரம் பாதிதான், உதடு குவியறதே கிடையாது.

அதுக்கப்புறம் அறையில இருந்த எல்லாரும் பக்கத்துல இருக்கிறவங்க வாயைப் பார்த்து "மரம், பழம், வந்து, போச்சு"ன்னு சொல்லிப் பார்க்க ஆரம்பிச்சுட்டோம். வேகமாப் பேசினா யாருக்குமே மூடல. நிறுத்தி நிதானமா, மேடையில பேசற மாதிரி சொன்னா மூடுது.

எனக்குப் பட்டது இதுதான். நம்ம கையில இருக்கிற வாய் வடிவச் சார்ட் எல்லாம் இங்கிலீஷ் பேச்சைப் பார்த்து வரைஞ்சது. தமிழ் பேசற பாத்திரத்துக்குத் தமிழ் வாயைப் பார்த்துதான் வடிவம் எடுக்கணும். அதுவும் ஸ்கிரிப்ட்ல இருக்கிற எழுத்தைப் பார்த்து இல்ல, பதிவான பேச்சைக் கேட்டு. இதை நாமளே உட்கார்ந்து செய்யலாம், ஒரு மாசம் போதும்னு நினைக்கிறேன். உங்க யோசனையை எழுதுங்க.

பொன்மலை_ரெண்டர்

என் ஷாட்டுக்கு இவ்வளவு நேரம் குடுத்ததுக்கு எல்லாருக்கும் நன்றி. மாத்திப் பார்த்துட்டேன். "மரம்" முடிவுல மூடின வாய்க்குப் போட்ட கீயை (இந்தப் பிரேம்ல இந்த வடிவம்னு வைக்கிற குறி) எடுத்துட்டு, லேசா உருண்ட திறந்த வாய் வச்சேன். உகரத்துல குவிஞ்சதை எல்லாம் எடுத்துட்டுப் பாதி மூடின சாதாரண வாய் வச்சேன். வேற எதையும் தொடல. ஷாட்டே மாறிடுச்சு. என் அக்கா பார்த்துட்டு "இப்பதான் இது நம்ம பாப்பா மாதிரி பேசுது"ன்னாங்க.

எப்படிச் செஞ்சேன்னு கேட்டவங்களுக்கு: பிளெண்டர்ங்கிற அனிமேஷன் மென்பொருள்ல ஷேப் கீ (முன்கூட்டியே செஞ்சு வச்ச முக வடிவங்கள்) வச்ச முகம், ஒலிக்கு ஏத்த வாயைக் கணிக்கிற ரூபார்ப் லிப் சிங்க்ங்கிற மென்பொருள் வச்சு முதல் கட்டம். ரூபார்ப் ஒலியைக் கேட்டு ஏ முதல் எஃப் வரைக்கும் ஆறு அடிப்படை வாய் வடிவங்கள்ல எது எப்போ வரணும்னு நேரத்தோட குடுத்துடும். வேணும்னா ஜி, எச், எக்ஸ்னு இன்னும் மூணு இருக்கு. இதுல ஒண்ணு முக்கியம். அது இயல்பா இங்கிலீஷ் பேச்சுன்னு நினைச்சுக்கிட்டுத்தான் கேட்கும். தமிழ் ஒலி குடுத்தா அதுக்குள்ள இங்கிலீஷ் வார்த்தையைத் தேடும். பேச்சை அடையாளம் காணற ரெகக்னைஸர்ங்கிற அமைப்பை 'ஃபொனெடிக்'னு மாத்திடணும், அது எந்த மொழிக்கும் ஓடும். அப்புறம் நேரம் பெருமளவு சரியா விழுது, வடிவத்தை மட்டும் நாம கையால சரி பண்ணணும்.

இன்னொண்ணு. டைம்லைன்ல ப்ளேபேக் மெனுவுக்குள்ள 'சிங்க் டு ஆடியோ' வச்சுக்கோங்க. இல்லைன்னா மெதுவான லேப்டாப்ல படம் பின்தங்கும், ஒலி முன்னாடி ஓடும், வாய் தப்புன்னு நாம தப்பாத் திருத்திக்கிட்டு இருப்போம்.

தமிழ்_வகுப்பறை

நான் பள்ளியில் தமிழ் நடத்துகிறேன். என் மாணவர்களுக்காகச் சிறு கதைகளை அசைவூட்டிப் பழகுகிறேன். கூட்டத்திற்கு இரண்டு முறை வந்திருக்கிறேன், இந்த முறை வர இயலவில்லை. வந்திருந்தால் எழுந்து நின்று சொல்லியிருப்பேன்: நீங்கள் தேடும் சார்ட் தொல்காப்பியத்தில் பிறப்பியல் என்ற இயலில் இருக்கிறது.

அகர ஆகாரம் "அங்காந்து இயலும்", அதாவது வாயைத் திறந்தால் பிறப்பது. இ, ஈ, எ, ஏ, ஐ ஐந்தும் அதே போலத் திறந்த வாய்தான், ஆனால் நாவின் விளிம்பு மேலே பல்லின் பக்கம் உறும். உ, ஊ, ஒ, ஓ, ஔ ஐந்தும் "இதழ் குவிந்து இயலும்". பகரமும் மகரமும் இரண்டு இதழும் இயைந்து பிறக்கும். வகரம் பல்லும் இதழும் இயையப் பிறக்கும். வெளியே கண்ணுக்குத் தெரியும் வாய் வடிவம் என்று பார்த்தால் இவ்வளவுதான். க, ட, ண, ற, ழ, ள எல்லாம் நாவும் அண்ணமும் செய்யும் வேலை. எதிரே நிற்பவருக்குப் பெரும்பாலும் தெரியாது. அவற்றுக்குத் தனி வடிவம் வரைய வேண்டியதில்லை, பக்கத்து உயிரின் வடிவத்தையே தொடர விடலாம்.

காவிரிக்கரை சொன்ன "வந்து" குற்றியலுகரம். ஒரு மாத்திரை ஒலிக்க வேண்டிய உகரம் அரை மாத்திரையாகக் குறைந்து ஒலிப்பது. உதடு முழுதாகக் குவிவதில்லை. முற்றியலுகரத்தில் குவியும். கண்ணாடி முன் நின்று "பசு" என்று தெளிவாகச் சொல்லுங்கள், பிறகு "பாக்கு" என்று சொல்லுங்கள். வேறுபாடு உதட்டிலேயே தெரியும். தனிக் குறிலை அடுத்து வல்லின உகரம் வந்தால் முற்றியல். நெடிலையோ, மெய்யையோ, ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துகளையோ அடுத்து வந்தால் குற்றியல். அசைவூட்டுபவர் இந்த ஒரு விதியை நினைவில் வைத்தால் போதும், எந்த உகரத்தில் குவிக்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.

"மரம்" மூக்கொலியாக முடிவது பேச்சு வழக்கு, இலக்கணத்தில் வராது. அங்கே காதைத்தான் நம்ப வேண்டும்.

தஞ்சை_டூடி

டீச்சர், மாத்திரைன்னு சொன்னீங்களே, அதை அப்படியே எடுத்துக்கிட்டேன். நான் பிளெண்டர்ல வரையறதுக்குன்னு இருக்கிற கிரீஸ் பென்சில்ல டூடி (கையால வரையற 2டி அனிமேஷன்) பண்றவன். நொடிக்கு 24 பிரேம், ஆனா ஒரு ஓவியம் ரெண்டு பிரேமுக்கு நிக்கும், அதனால நொடிக்கு 12 ஓவியம். இதுல குறிலுக்கு ஒரு ஓவியம், நெடிலுக்கு ரெண்டு ஓவியம்னு வச்சுப் பார்த்தேன். "பாரு"ல பா-வுக்கு ரெண்டு, ரு-வுக்கு ஒண்ணு. முதல் தடவைக்கு அசந்துட்டேன், கிட்டத்தட்ட அப்படியே பொருந்துது. கத்தறப்போ "அம்மாஆஆ"ன்னு அளபெடுத்தா எண்ணிக்கையைக் கூட்டிக்கலாம்.

அரை மாத்திரை மெய்தான் இடிக்குது. அரைன்னா ஒரே ஒரு பிரேம். டூடில ரெண்டு பிரேம் ஓவியத்தை அறுக்க முடியாது. அதுவும் இல்லாம ப, ம மூடற இடத்தை ஒரு பிரேம்ல விட்டா கண்ணு பிடிக்காது, வாய் மூடவே இல்லாத மாதிரி தெரியும். பழைய ஆளுங்க சொல்ற விதி, மூடின வாய் குறைஞ்சது ரெண்டு பிரேம் நிக்கணும். அந்த ஒரு பிரேமை முன்னாடி இருக்கிற உயிர்கிட்ட கடன் வாங்கிக்கணும். ஒலிக்கு ஒண்ணு ரெண்டு பிரேம் முன்னாடியே வாய் வடிவம் வந்துடணும்கிற விதியும் இதோட ஒத்துப்போகுது.

வாயை மாத்தறதுக்கு: எல்லா வாய் ஓவியத்தையும் ஒரு கிரீஸ் பென்சில் பொருள்ல வரிசையா வரைஞ்சு வச்சுட்டு, எந்த ஓவியம் தெரியணும்னு மாத்தற டைம் ஆஃப்செட் மாடிஃபையர்ல பிரேம் எண்ணுக்கு மட்டும் கீ போடறேன். எண்ணை மாத்தினா வாய் மாறும். ஷேப் கீயை விட எனக்கு இது வேகம்.

கரூர்_கீஃப்ரேம்

எல்லாம் நல்ல பேச்சு. ஆனா நான் வேற ஒண்ணு சொல்லணும், மனசுல வச்சுக்கிட்டு இருக்க விரும்பல.

முதல்ல, உதடு கடைசி வேலை. ஒலியை அணைச்சுட்டு ஷாட்டை ஓட விடுங்க. யார் என்ன மனநிலையில இருக்காங்கன்னு தெரியணும். அது தெரியலைன்னா எந்தச் சார்ட்டும் காப்பாத்தாது. 2025 மார்ச்ல சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கின லாட்வியா நாட்டு 'ஃப்ளோ' முழுக்க பிளெண்டர்ல செஞ்சது, அதுல ஒரு வசனம் கூடக் கிடையாது. பூனை காதைத் திருப்பறதுலயும் முதுகை வளைக்கறதுலயும் அத்தனையும் சொல்லிடறாங்க. ஆரம்பிக்கிறவங்க வாய்ல போய் உட்கார்ந்தா எடை, டைமிங், வளைவுப் பாதை இதெல்லாம் கத்துக்கறது தள்ளிப்போகும்.

ரெண்டாவது, கூட்டத்தோட முறை. என்கூட கரூர்ல இருந்து ரெண்டு பசங்க முதல் தடவையா வந்தாங்க. பிளெண்டர் கத்துக்க ஆரம்பிக்கிறவங்க செய்யற டோனட் பாடத்தை இப்பதான் முடிச்சவங்க. அவங்களுக்கு அசைவை வளைகோடாக் காட்டற கிராஃப் எடிட்டர்னா என்னன்னே தெரியாது. சாயங்காலம் முழுக்க ஒரே ஷாட்டோட உகரத்தைப் பத்திப் பேசினா அவங்களுக்கு என்ன கிடைச்சுது? பஸ்ல திரும்பி வரும்போது ரெண்டு பேரும் ஒண்ணுமே பேசல. அவங்க அடுத்த மாசம் வரணும்னு நான் நினைக்கிறேன்.

காவிரிக்கரை

கரூர் அண்ணா, நீங்க இதை எழுதினது நல்லதாப் போச்சு. முதல் விஷயத்துல முழுக்க உடன்படறேன். பொன்மலைத் தம்பி ஷாட்ல உடம்பு அசைவு சரியா இருந்ததாலதான் வாய் தனியாத் துருத்திக்கிட்டுத் தெரிஞ்சுது. உடம்பே சரியில்லாத ஷாட்டா இருந்திருந்தா அன்னைக்கு வாயைப் பத்திப் பேசியே இருக்க மாட்டோம்.

ரெண்டாவதுல கொஞ்சம் மாறுபடறேன். மென்பொருள் பாடம் இணையத்துல கொட்டிக் கிடக்கு. எந்த மெனு எங்கே இருக்குன்னு சொல்றதுக்கு யாரும் கரூர்ல இருந்து பஸ் ஏறி வர வேண்டியதில்ல. பத்து பேர் ஒரே ஷாட்டை ஒவ்வொரு பிரேமா நகர்த்திப் பார்த்து, எங்கே இடறுதுன்னு சேர்ந்து கண்டுபிடிக்கறது வீட்ல தனியா உட்கார்ந்தா கிடைக்காது. முடிக்காத வேலையைக் காட்டற இடமா இந்தக் கூட்டம் இருக்கணும்னு நான் முதல்ல இருந்தே பிடிவாதமா இருக்கேன். அதை விட மாட்டேன்.

ஆனா புதுசா வர்றவங்க வெறும் பார்வையாளரா உட்காரக் கூடாதுங்கிறது சரி. அடுத்த தடவை தொடக்கத்துலயே பந்து துள்ளற பயிற்சி வைக்கலாம். அதுவும் முடிக்காத வேலைதான். அவங்க பந்தையும் இதே மாதிரி பிரேம் பிரேமாப் பார்ப்போம். பந்து தரையைத் தொடற இடத்துல வளைவு கூர்மையா இருக்கணும், உச்சியில மெதுவாகணும். இதை கிராஃப் எடிட்டர்ல ஒரு தடவை காட்டினா, "மரம்" ஷாட்ல நாங்க எதைப் பார்த்துக்கிட்டு இருந்தோம்னு அவங்களுக்கே பிடிபடும். அந்த ரெண்டு பசங்களையும் கண்டிப்பாக் கூட்டிட்டு வாங்க அண்ணா, பந்து ஷாட்டோட.

நாஞ்சில்_நிழல்

கரூர்க்காரர் சொன்ன முதல் விஷயத்துக்கு நம்ம ஊர்லயே சாட்சி இருக்கு. தோல்பாவைக்கூத்துல பாவைக்கு வாய் அசையறதே கிடையாது. தோலுல வெட்டி எடுத்த முகம், கை மாதிரி சில உறுப்புதான் மூட்டுல அசையும். திரைக்குப் பின்னாடி ஒரே கலைஞர் எல்லாப் பாத்திரத்துக்கும் குரல் மாத்திப் பேசுவார். திரையில நாலு பாவை நின்னாலும் யார் பேசறாங்கன்னு பார்க்கிறவங்களுக்கு ஒரு கணம் கூடக் குழப்பம் வராது. பேசற பாவை அசையும், மத்தது அசையாம கேட்கும். கை எழும்பற நேரம், குரல் ஏறற நேரம், ரெண்டும் ஒண்ணா விழும்.

கன்னியாகுமரி மாவட்டத்துல மண்டிகர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையா ஆடி வந்த கலை இது. நமக்கு டைமிங் சொல்லிக்குடுக்க இவங்களை விடப் பொருத்தமான ஆசிரியர் கிடையாதுன்னு நான் நம்பறேன். திருச்சிக்கு ஒரு கலைஞரை அழைச்சு, அவர் ஆட்டறதை மெதுவேகத்துல பதிவு பண்ணி, பிரேம் பிரேமாப் பார்த்தா என்னன்னு யோசிங்க. அழைச்சா போக்குவரத்தும் உரிய சன்மானமும் நாம முன்கூட்டியே சேர்த்து வச்சுக் குடுக்கணும். என் பங்கை இப்பவே தர்றேன்.

யாழ்_வரைகலை

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில இருந்து வாசிக்கிறன், உங்கட கூட்டத்துக்கு வர ஏலாது, ஆனா இந்த இழையை ஒவ்வொரு நாளும் பாக்கிறன்.

ஒண்டு சொல்ல வேணும். நாங்கள் கதைக்கேக்க "மரம்" எண்டு கடைசி ம் சரியாத்தான் வரும், உதடு மூடும். "அவன்", "வந்தான்" எண்டாலும் கடைசி ன் அப்பிடியே நிக்கும், உங்கட மாதிரி மூக்குக்க போய்க் கரையாது. அதால நீங்கள் "தமிழ் சார்ட்" எண்டு ஒண்டைப் போட்டா அது எங்கட பாத்திரங்களுக்குப் பொருந்தாது. டீச்சர் சொன்ன ஐந்து வடிவமும் எல்லாருக்கும் பொது. எந்த இடத்தில எந்த வடிவம் எண்டது ஊருக்கு ஊர் மாறும். சார்ட்டோட சேர்த்து ஒவ்வொரு ஊர்ப் பேச்சிலயும் ஒரே வசனத்தின்ட ஒலிப்பதிவையும் வைச்சா நல்லா இருக்கும். என்ட அம்மம்மாவின்ட குரலில நான் ஒண்டு பதிஞ்சு அனுப்புறன்.

வடசென்னை_வாய்ஸ்

யாழ் நண்பர் சொன்னதோட இதையும் சேர்த்துக்கோங்க. எங்க பக்கம் "வீடு" வூடு ஆயிடும், "பிடி" புடி ஆயிடும், "பெட்டி" பொட்டி ஆயிடும். எழுத்துல இகரம், எகரம், வாய்ல உகரம், ஒகரம். ஸ்கிரிப்ட்டைப் பார்த்து வாயை விரிச்சு வச்சா, குரல் குவிஞ்சு வரும். முழுக்க எதிர் வடிவம்.

இன்னொரு சின்ன விஷயம், வகரத்தைப் பத்தி. இங்கிலீஷ் சார்ட்ல வி-க்கு மேல் பல்லு கீழ் உதட்டை நல்லாக் கடிக்கிற மாதிரி வரைஞ்சிருப்பாங்க. நம்ம பேச்சுல அந்த அளவுக்கு அழுத்தம் கிடையாது, லேசாப் பட்டும் படாம வரும். ஷேப் கீயைப் பாதி அளவுல வச்சா போதும். முழுசா வச்சா "வாங்க"ன்னு கூப்பிடற பாட்டி கோவத்துல இருக்கிற மாதிரி தெரியுது.

புதுக்கோட்டை_பிக்சல்

வணக்கம், நான் புதுசு. அடுத்த கூட்டத்துக்கு வரலாம்னு இருக்கேன். என் லேப்டாப் பழசு, கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. பத்து நொடி ஷாட்டை பிளெண்டரோட சைக்கிள்ஸ்ங்கிற மெதுவான முறையில ரெண்டர் (முடிஞ்ச படமா மாத்தறது) போட்டேன், ஒரு பிரேமுக்கு மூணு நிமிஷம் ஆகுது. நடுவுல கரண்ட் போயி வீடியோ ஃபைலே திறக்கல. ரெண்டர் முடிக்காம வந்தா காட்ட விடுவீங்களா?

பொன்மலை_ரெண்டர்

தாராளமா வாங்க. பத்து நொடின்னா 240 பிரேம், பிரேமுக்கு மூணு நிமிஷம்னா 12 மணி நேரம். நம்ம கூட்டத்துக்கு அது தேவையே இல்ல. வேலை செய்யற திரையில தெரியறதை அப்படியே எடுக்கிற வியூபோர்ட் ரெண்டர் போட்டு எடுத்துட்டு வாங்க, சாம்பல் நிற உருவமா இருந்தாலும் அசைவு தெரியும், அதைத்தான் பார்ப்போம். முழு ரெண்டர் வேணும்னா பிளெண்டர்லயே இருக்கிற வேகமான ஈவி முறையை முயற்சி பண்ணுங்க, மேலே சொன்ன 'ஃப்ளோ' படமே ஈவில ரெண்டர் பண்ணதுதான்.

எப்பவும் வீடியோவா ரெண்டர் போடாதீங்க, பிஎன்ஜி படங்களா போடுங்க. கரண்ட் போனாலும் அதுவரைக்கும் முடிஞ்ச படங்கள் அப்படியே இருக்கும், விட்ட எண்ல இருந்து தொடரலாம். கடைசியில எல்லாத்தையும் பிளெண்டர்லயே வீடியோ எடிட்டர்ல சேர்த்துக்கலாம்.

தமிழ்_வகுப்பறை

யாழ் நண்பரின் கருத்து எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஒலிப்பதிவுக்கான வசனத்தை நான் எழுதித் தருகிறேன். குற்றியலுகரம், முற்றியலுகரம், மகர ஈறு, னகர ஈறு, சொல் முதலில் பகரம், வகரம், நெடிலும் குறிலும் அடுத்தடுத்து வரும் இடம், எல்லாம் ஒரே வாக்கியத்துக்குள் வர வேண்டும். ஆனால் படிப்பதற்குப் பாடம் போல இருக்கக் கூடாது, வீட்டில் ஒருவர் இயல்பாகச் சொல்லக் கூடியதாக இருக்க வேண்டும். வரும் புதன்கிழமைக்குள் இங்கே இடுகிறேன். பதிவு செய்பவர்கள் தயவுசெய்து அதை வாசிக்காதீர்கள். ஒரு முறை பார்த்துவிட்டு, தாளைக் கீழே வைத்துவிட்டு, உங்கள் வீட்டுப் பேச்சில் சொல்லுங்கள்.

கரூர்_கீஃப்ரேம்

பசங்க ரெண்டு பேர்கிட்டயும் பந்து விஷயத்தைச் சொன்னேன். ஒருத்தன் நேத்து ராத்திரியே ஆரம்பிச்சுட்டான். கூட்டிட்டு வர்றேன். தோல்பாவைக் கலைஞரை அழைக்கற செலவுல என் பங்கையும் சேர்த்துக்கோங்க.

காவிரிக்கரை

அப்போ அடுத்த கூட்டம் இப்படி. இடம் அதே மாடி அறை, மாசத்தோட ரெண்டாவது ஞாயிறு, சாயங்காலம் நாலு மணி. முதல்ல பந்து ஷாட்டுகள், அப்புறம் போன தடவை காட்ட முடியாமப் போன ரெண்டு பேர், கடைசியா டீச்சரோட வசனத்துக்கு யார் யார் வாய் போட்டிருக்கீங்களோ அது. ஒலிப்பதிவு 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் ஃபைலா இருக்கட்டும், ஷாட் 24 பிரேம்ல இருக்கட்டும், அப்பதான் எல்லார் வேலையையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஓட்டிப் பார்க்கலாம்.

ஃபைல் கொண்டு வர்றவங்க, ஒலி, படம் எல்லாத்தையும் அதே ஃபைலுக்குள்ள சேர்க்கிற 'பேக் ரிசோர்சஸ்' குடுத்துட்டு சேமிங்க. போன தடவை ஒருத்தர் ஃபைலைத் திறந்தா ஒலியும் டெக்ஸ்ச்சரும் அவர் வீட்டுக் கம்ப்யூட்டர்லயே தங்கிடுச்சு. அறையில இருக்கிற கம்ப்யூட்டர்ல பிளெண்டர் 4.5 எல்டிஎஸ் போட்டிருக்கு. அதை விடப் புது வெர்ஷன்ல வேலை செய்றவங்க உங்க லேப்டாப்பையே கொண்டு வந்துடுங்க. எச்டிஎம்ஐ கேபிள் இங்கே இருக்கு. டைப் சி மட்டும் இருக்கிற லேப்டாப்னா கன்வெர்ட்டர் நீங்களே எடுத்துட்டு வாங்க.

நாஞ்சில் அண்ணா, கலைஞர்கிட்ட பேசி அவருக்கு எந்த மாசம் தோதுப்படும்னு கேட்டு எழுதுங்க. கோயில் திருவிழாக் காலத்துல அவங்களுக்கு ஆட்டம் இருக்கும், அந்த நாட்களை விட்டுட்டு நாம தேதி வச்சுக்கலாம்.